ஹேண்டில் பிடி தேய்ந்து, உடைந்து, சரி செய்த அனுபவங்கள்

மேட்டாங்காடு:
ஆயில் இன்ஜின் ஹேண்டிலில், கம்பி மேல் சும்மா சுழலுமே ஒரு பைப்புத் துண்டு, எங்களுடையது தேய்ந்து கடகடவென்று ஆடியது. பட்டறையில் கொடுத்தோம். ஆட்டத்தை நிறுத்துகிறேன் பேர்வழி என்று பைப்பைக் கம்பியோடு சேர்த்து வெல்டு வைத்துத் தந்துவிட்டார்கள். பார்க்க ஜம்மென்றுதான் இருந்தது. சித்தப்பா, இன்ஜின் லேசாகச் சுற்றுவதற்காக உள்ளே காற்றழுத்தத்தை விடுவிக்கும் லீவரைத் தூக்கிவிட்டு வேகமாகச் சுற்ற ஆரம்பித்தவர், கையை உதறிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கைத் தோல் பிடியில் ஒட்டியிருந்தது. "அவனக் கூட்டியாடா, ஒரு தடவ அவன் சுத்தட்டும்" என்றார். இன்னும் அந்தப் பட்டறைப் பக்கம் போவதில்லை.

ஊசிநூல்:
எங்களுடையது கையால் சுற்றும் தையல் மெஷின். மரப்பிடியில் நெடுக்காக விரிசல். ஒவ்வொரு சுற்றுக்கும் வாய் திறந்து உள்ளங்கைச் சதையைக் கவ்வும், விடும். கடைசல் பட்டறையில் பூவரசில் புதுப்பிடி கடைந்து வந்தேன். அம்மாச்சி ஒரு சட்டைக் கை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழசைக் கேட்டார். அதில் அவர் விரல் படும் இடமெல்லாம் பள்ளம் விழுந்திருக்கும். அப்புறம் என்ன, விரிசலில் மரப்பசை விட்டு, கை படாத இரண்டு ஓரத்திலும் மெழுகு தடவிய நூலை நெருக்கிச் சுற்றினோம். புதுசு பட்டன் டப்பாவில் கிடக்கிறது.

பழைய இரும்பு:
மேட்டாங்காடு, பட்டறையைத் திட்டுவது சரி. ஆனால் வெல்டே வைக்காவிட்டாலும் உள்ளே துரு ஏறினால் இதே கதைதான். கரும்பு ஜூஸ் வண்டிச் சக்கரத்துப் பிடி இப்படி இறுகிப்போய், அதன் மேல் துணி சுற்றி வைத்திருந்தேன். துணியில் சாறு ஊறி, என் கையைவிட ஈக்கள்தான் அதை அதிகம் பிடித்திருந்தன.
செய்ய வேண்டியது இது. பழைய பைப்பை அறுத்தெடுங்கள். கம்பியை எமரித்தாளால் மழமழப்பாகத் தேய்த்து, கிரீஸ் தடவி, புதுப் பைப்பின் முனைப் பிசிறுகளை அரத்தால் எடுத்துவிட்டு மாட்டுங்கள். பைப்பு கழன்று வராமல் இருக்க வெளிமுனையில் வாஷரும், கம்பித் துளையில் செருகி முனையை மடக்கும் காட்டர் பின்னும். எபாக்ஸி மக்கு, சைக்கிள் டியூப் எல்லாம் வேண்டாம், பிடி சுழலத்தான் வேண்டும். இன்னொன்று, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வையுங்கள். வேகம் ஏறுமுன் லீவரை விட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைக்கும், கட்டைவிரல் சுற்றியிருந்தால் கை வெளியே வராது. அந்தக் காலத்துக் கார்களில் இப்படி மணிக்கட்டு முறிந்தவர்கள் ஏராளம். 1912 காடிலாக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்த பிறகுதான் இந்த ஹேண்டில் மெல்ல ஒழிந்தது.

ஊசிநூல்:
தையல் மெஷின் உதைக்காது ஐயா.

கிணத்துமேடு:
புதுப் பைப்பு என்று சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள். எங்கள் கம்பி 16 எம்எம். அரை இஞ்ச் ஜிஐ பைப்பு ஏறவே மாட்டேன் என்கிறது, முக்கால் இஞ்ச் போட்டால் லொடலொட. கடைசியில் நைலான் ராடை லேத்தில் கொடுத்து 16.5 எம்எம் துளை போட்டு மாட்டினேன். வெயிலில் கிடந்தாலும் இரும்பு மாதிரி சுடுவதில்லை. கட்டைவிரல் விஷயம் கொஞ்சம் ஓவர். எங்கள் பக்கம் எல்லாரும் இறுக்கிப் பிடித்துத்தான் சுற்றுகிறோம்.

பழைய இரும்பு:
நைலான் ஈரம் குடித்தால் லேசாக உப்பும். ஐப்பசி மழையில் இறுகுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், இறுகினால் துளையை 17 ஆக்கிவிடலாம். கட்டைவிரல் பற்றி நான் சொன்னது சொன்னதுதான்.