பீட்டர்மாரிட்ஸ்பர்க்: ரயில் நிலையத்தோடு திரும்பிவிடலாமா, ஊருக்குள் போகலாமா?

அமராவதிக்கரை:
வரும் ஜூலையில் அப்பா அம்மாவுடன் தென்னாப்பிரிக்கா செல்கிறேன். டர்பனில் தங்கிவிட்டு, அங்கிருந்து காரில் டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போவதாகத் திட்டம். வழியில், டர்பனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வருகிறது. 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து இறக்கிவிட்ட ஊர். அந்த நடைமேடையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் அப்பா. முடிந்தால் ரயிலிலேயே போய் இறங்க வேண்டுமாம். பயண முகவரோ, "அரை மணி நேரம் போதும், நகருக்குள் பார்க்க ஒன்றுமில்லை" என்கிறார். ஒரு முழு நாள் ஒதுக்கலாமா? அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி.

மலைச்சாரல்:
முகவர் உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறார். முதலில் ரயில் ஆசையை அப்பாவிடம் பக்குவமாகப் பேசி விட்டுவிடச் செய்யுங்கள். 2016இல் நம் பிரதமர் பென்ட்ரிச் நிலையத்தில் ஏறி பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இறங்கியது அரசுமுறை ஏற்பாடு. சாதாரணப் பயணிகள் ரயில் சேவை அந்த நாட்டில் மிகவும் நலிந்துவிட்டது. அதை நம்பி வயதானவர்களை அழைத்துச் செல்ல முடியாது.

நிலையம் அழகானது. செங்கல் கட்டடம், முகப்பில் விக்டோரியா காலத்து இரும்புப் பின்னல் வேலைப்பாடு. நடைமேடையில் ஒரு பலகை இருக்கிறது. பார்த்து, வணங்கி, புறப்படுங்கள். நகர மையம் இன்று பராமரிப்பின்றிக் கிடக்கிறது. கடைத்தெருவில் நெரிசல், குப்பை. அலுவலகங்கள் மூடியதும் தெரு வெறிச்சோடிவிடும். கைப்பேசியை வெளியே எடுக்கவே யோசிக்க வேண்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் ஒரு பெரிய வணிக வளாகமே எரிந்த ஊர் இது. இன்னும் 25 கிலோமீட்டர் போனால் ஹோவிக்: 95 மீட்டர் உயர அருவி, பக்கத்திலேயே 1962 ஆகஸ்ட் 5இல் மண்டேலா பிடிபட்ட இடம். அங்கே நல்ல அருங்காட்சியகம், கார் நிறுத்த வசதி எல்லாம் உண்டு. பெரியவர்களுக்கு அதுதான் ஏற்றது.

நடைப்பயணி:
மலைச்சாரல் சொல்லும் எச்சரிக்கைகளை மறுக்கவில்லை. ஆனால் அவற்றை வைத்து ஒரு நகரத்தையே கழித்துவிடுவதை ஏற்க முடியாது.

அந்த நடைமேடைப் பலகையை நின்று படியுங்கள். "இதன் அருகாமையில்" காந்தி இறக்கிவிடப்பட்டார் என்றுதான் அது சொல்கிறது. இதே இடம் என்று சூடம் ஏற்றிச் சத்தியம் செய்யவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஜூன் மாதக் குளிர், மேலங்கி பெட்டியில், பெட்டி ரயில்வே ஊழியர் வசம். அதைக் கேட்டால் மறுபடியும் அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமல் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த அளவு எல்லோரும் சொல்கிறார்கள். மறுநாள் காலை என்ன நடந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. ரயில்வே மேலாளருக்கும் தன்னை அழைத்திருந்த வணிகர் அப்துல்லாவுக்கும் தந்தி கொடுத்தார். தகவல் கிடைத்து உள்ளூர் இந்திய வணிகர்கள் அவரைப் பார்க்க நிலையத்துக்கு வந்தார்கள். இதெல்லாம் எங்களுக்கு வாடிக்கை என்று தங்கள் கதைகளைச் சொன்னார்கள். அந்த வணிகர்கள் வந்தது ஊருக்குள்ளிருந்துதான். ஊரைப் பார்க்காமல் நடைமேடையை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

இன்னொன்று. பர்கர் தெருவில் பழைய சிறைச்சாலை இருக்கிறது. இந்தியர் உரிமைக்கான 1913 போராட்டத்தில் கஸ்தூர்பாவும் வேறு பல பெண்களும் மாரிட்ஸ்பர்க் சிறையில்தான் அடைக்கப்பட்டார்கள். நம் தில்லையாடி வள்ளியம்மையும் அவர்களில் ஒருவர். மோசமான சாப்பாடு, துணி துவைக்கும் வேலை. காய்ச்சலோடு வெளியே வந்த அந்தப் பெண் 1914 பிப்ரவரி 22 அன்று ஜோகனஸ்பர்க்கில் இறந்தபோது வயது பதினாறு. அவர் பிறந்ததும் ஜோகனஸ்பர்க்கில்தான். தாயின் ஊரான தில்லையாடியைக் கண்ணால் கண்டதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அந்தச் சிறை வாசலுக்குப் போகாமல் அருவி பார்க்கப் போவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

மலைச்சாரல்:
நண்பரே, உங்கள் உணர்வை மதிக்கிறேன். ஆனால் மூட்டுவலிக்காரரை அழைத்துக்கொண்டு போகிறவருக்கு உணர்வு மட்டும் போதாது. அந்தச் சிறை 1980களின் இறுதியில் மூடப்பட்டு, இப்போது ஒரு கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பயன்பாட்டில் இருக்கிறது. அங்கே போய் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டு வருவதைவிட, அதே வேதனையை ஹோவிக்கில் நன்றாக உணரலாம். ஐம்பது எஃகுத் தூண்கள் தாறுமாறாக நிற்கும். நடைபாதையில் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் அவை சேர்ந்து மண்டேலாவின் முகமாகும். என் அம்மா அதைப் பார்த்ததும் பேச்சற்று நின்றுவிட்டார். எவ்வளவு வரலாறு இருந்தாலும், பார்க்கிறவருக்குப் பயம் இருந்தால் மனதில் எதுவும் ஏறாது.

நடைப்பயணி:
மண்டேலாவையே எடுத்துக்கொள்வோம். பிடிபடுவதற்கு முந்தைய ஆண்டு, 1961 மார்ச்சில், இதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடந்த மாநாட்டில் அவர் மேடையேறினார். கூட்டங்களில் பேச அவருக்கு இருந்த பல ஆண்டுத் தடை காலாவதியாகியிருந்த நேரம். அதன் பிறகு தலைமறைவு வாழ்க்கை; சிறை. மறுபடி அவர் தன் நாட்டில் வெளிப்படையாகப் பொதுமேடையில் பேசியது 1990இல். ஹோவிக் தூண்களின் முன்கதை நீங்கள் தவிர்க்கச் சொல்லும் நகரத்தில்தான் இருக்கிறது.

கரும்புத்தோட்டம்:
டர்பனில் வேலை பார்க்கிறேன், மாரிட்ஸ்பர்க் அடிக்கடி போகும் ஊர். இருவரும் பேசுவதைப் படித்துக்கொண்டே வந்தேன். எனக்கு இரண்டு பக்கமும் மனக்குறை இருக்கிறது.

காந்தி, கஸ்தூர்பா, வள்ளியம்மை, மண்டேலா. இவர்களில் ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை. வந்து போனவர்கள், அல்லது கொண்டுவரப்பட்டவர்கள். ஊருக்கென்று ஒரு கதை கிடையாதா?

1838இல் டச்சு வழிவந்த போயர்கள் உருவாக்கிய குடியேற்றம் இது. ரெட்டீஃப், மாரிட்ஸ் என்ற அவர்களது இரு தலைவர்களை நினைவுபடுத்தும் பெயர். ஜூலுப் படையுடன் நடந்த போரில் வென்றால் ஆலயம் கட்டுவோம் என்று வேண்டிக்கொண்டு, 1841இல் கட்டிய சின்னத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. அது உள்ள அருங்காட்சியகம் ஒரு காலத்தில் போயர்களின் புகழ் பாட மட்டுமே இருந்தது. இன்று அதே வளாகத்தில் ஜூலுக் குடிசையும் சிவன் கோயில் மாதிரியும் இருக்கின்றன. ஜூலு மன்னர் டிங்கானேயின் ஒரே மரத்தில் குடைந்த நாற்காலியும் அங்கே உண்டு. 1843இல் பிரிட்டிஷார் வந்து நேட்டால் காலனியின் தலைநகராக்கினார்கள். ஊரின் செங்கல் நகர மண்டபம் 1898இல் எரிந்து 1901இல் மறுபடி எழுந்தது.

என்னைக் கேட்டால், தெருப் பெயர்ப் பலகைகளைப் படிப்பதே ஒரு பாடம். பழைய லாங்மார்க்கெட் தெரு இப்போது லங்கலிபலேலே தெரு. அவர் ஹ்லுபி மக்களின் தலைவர். 1874இல் இதே ஊரில் அவரை விசாரித்து ராபன் என்ற சிறைத் தீவுக்கு அனுப்பினார்கள். பெர்க் தெரு இப்போது ஹூசேன் ஹாஃபெஜீ தெரு. இந்த ஊரில் பிறந்த இளம் பல் மருத்துவர். 1977இல் போலீஸ் காவலில் இறந்தார். தற்கொலை என்று அன்றைய விசாரணை எழுதி முடித்தது. 2023இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடும்பம் விடவில்லை! லூப் தெருவுக்கு ஜாபு என்ட்லோவு பெயர். தொழிற்சங்கப் பெண்மணி, 1989இல் ஊரையொட்டிய இம்பாலி குடியிருப்பில் அவர் வீட்டின் மீது நடந்த தாக்குதலில் கொல்லப்பட்டார். இவர்களைப் பற்றி எந்தச் சுற்றுலாப் பேருந்தும் பேசுவதில்லை.

மலைச்சாரல்:
கரும்புத்தோட்டம் ஐயா, இது நல்ல பதிவு. இவற்றில் பல எனக்குப் புதிது. இருந்தாலும் நீங்கள் அங்கேயே இருப்பவர். எந்தத் தெருவில் எப்போது நடக்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். புதிதாக வாடகைக் காரில் வருபவருக்குத் தெரியுமா?

கரும்புத்தோட்டம்:
தெரியாது. அதனால்தான் சொல்கிறேன்: காலையில் வாருங்கள், உள்ளூர் ஓட்டுநர் ஒருவரை நாள் முழுக்க அமர்த்திக்கொள்ளுங்கள். காருக்குள் பை, கேமரா எதுவும் கண்ணில் படும்படி வைக்காதீர்கள். காவலுள்ள இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். காரைப் பார்த்துக்கொள்பவருக்குச் சில்லறை கொடுப்பது இங்கே வழக்கம். சர்ச் தெருவில் 1993இல் ஆர்ச்பிஷப் டுட்டு திறந்துவைத்த காந்தி சிலை, நகர மண்டபம், எதிரே பழைய நீதிமன்றத்தில் இயங்கும் டாதம் கலைக்கூடம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அம்மா அதிகம் நடக்க வேண்டியதில்லை. கலைக்கூடம் திறக்கும் நாளை மட்டும் முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மண்டபத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே உள்ள பழைய சந்துகள் அழகானவைதான், ஆனால் துணை இல்லாமல் போக வேண்டாம். மாலை ஐந்தரை மணி வாக்கில் ஜூலையில் இருட்டிவிடும். குளிரும் பலமாக இருக்கும்.

லங்கலிபலேலே தெருவிலேயே சுப்பிரமணியர், மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே புனித வெள்ளியன்று தீமிதிக்கிறார்கள். உழைப்பாளிகளுக்கு விடுமுறை கிடைத்த நாள் அதுதான், அப்படியே நிலைத்துவிட்டது என்பார்கள். தமிழ் பேசத் தெரியாத பேரப்பிள்ளைகள்கூட மஞ்சள் ஆடையில் வரிசையில் நிற்பார்கள்.

அமராவதிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஹாஃபெஜீ வழக்கு பற்றி இரண்டு முறை படிக்கச் சொன்னார். அம்மாவுக்கு மாரியம்மன் கோயில் என்றதும் மூட்டுவலி பற்றிப் பேச்சே இல்லை. காலையில் நிலையம், பிறகு சர்ச் தெரு, தேவாலய அருங்காட்சியகம், கோயில்; இரவு தங்க ஹோவிக். இப்படி வைத்திருக்கிறேன். மறுநாள் காலை அருவியும் மண்டேலா நினைவிடமும். சிறைச்சாலைதான் யோசனையாக இருக்கிறது.

மலைச்சாரல்:
ஹோவிக்கில் தங்குவது மிக நல்ல முடிவு. மூன்றரை மணிக்கெல்லாம் நகரை விட்டுக் கிளம்பிவிடுங்கள். என்3 நெடுஞ்சாலையில் கனரக லாரிகள் அதிகம், இருட்டில் பழக்கமில்லாத சாலை வேண்டாம். சிறையை விட்டுவிடுங்கள், நேரம் இருக்காது.

நடைப்பயணி:
நேரம் போதாவிட்டால் கலைக்கூடத்தை விடுங்கள், நகர மண்டபத்தை விடுங்கள். சிறையை விடாதீர்கள். ஓட்டுநரிடம் பர்கர் தெரு என்று சொன்னால் போதும். அப்பா காரை விட்டு இறங்கக்கூட வேண்டாம்.