சைப்ரஸ் (ஹூஸ்டன் புறநகர்) தமிழ்க் குடும்பங்கள்: வீட்டு இன்ஷூரன்ஸ்

ரம்யா: எல்லாருக்கும் வணக்கம். வீட்டு இன்ஷூரன்ஸ் ரினியூவல் வந்திருக்கு. பிரீமியம் ஏறும்னு தெரிஞ்சதுதான். ஆனா காத்து, ஹெயில் (ஆலங்கட்டி மழை) டிடக்டிபிள், அதான் க்ளெயிம்ல நம்ம கையிலேருந்து போடற பங்கு, போன வருஷம் 1%, இப்ப 2%னு போட்டிருக்காங்க. வேற யாருக்காவது வந்திருக்கா?

விஜி: எங்களுக்கும்தான் ரம்யா. ஒரு பர்சென்ட்தானே கூடுது, விடுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார்.

செந்தில்: அக்கா, டேமேஜ்ல 2% இல்ல அது. வீட்டை எவ்வளவுக்கு இன்ஷூர் பண்ணிருக்கோமோ அந்தத் தொகையில 2%. ரம்யா, டெக்லரேஷன்ஸ் பேஜ்ல (பாலிசியோட சுருக்கத் தாள்) ட்வெல்லிங் கவரேஜ்னு அந்தத் தொகை இருக்கும் பாருங்க. எவ்வளவு?

ரம்யா: 460,000 அண்ணா. போன வருஷம் 420,000.

செந்தில்: அப்ப போன வருஷம் உங்க கையிலேருந்து 4,200 டாலர். இனிமே 9,200. பர்சென்ட் மாறாதவங்களும் பாக்கணும். வீடு கட்டுற செலவு ஏறுதுன்னு கம்பெனி வருஷா வருஷம் கவரேஜைக் கூட்டுது, அதோட டிடக்டிபிளும் தானா ஏறிடுது.

விஜி: ஐயோ, 9,200ஆ!

கார்த்திக்: ஒவ்வொரு புயலுக்கும் தனித்தனியா வேற கழிப்பாங்க அக்கா. எங்களுக்கு 2024 மே 16 டெரேச்சோல (நேரா அடிக்கிற பலத்த சூறைக்காத்து) ரூஃப் ஒரு பக்கம் பிச்சிக்கிட்டு போச்சு. ஜூலை 8 பெரில் வந்து மரத்தைச் சாய்ச்சது. ரெண்டும் தனித்தனி க்ளெயிம். முதலாவதுக்கு காத்து டிடக்டிபிள். பெரில் பேர் வச்ச புயல், அதனால அதுக்கு நேம்ட் ஸ்டார்ம் டிடக்டிபிள், அது இன்னும் அதிகம். ரெண்டாவதுல செக்கே வரலை.

ரம்யா: வருஷத்துக்கு ஒரு தடவைதான் கழிப்பாங்கன்னு டாம்பால இருக்கிற என் தங்கச்சி சொன்னாளே?

செந்தில்: அது ஃப்ளோரிடா சட்டம்மா. அங்க ஹரிகேன் டிடக்டிபிளை ஒரு காலண்டர் வருஷத்துக்குன்னு கணக்கு வைப்பாங்க. அதுவும் ஹரிகேனுக்கு மட்டும்தான். இங்க பொதுவா ஒவ்வொரு சம்பவத்துக்கும் தனித்தனி.

விஜி: ஏஜென்ட் எங்களுக்கு டிடக்டிபிளை 5% போட்டுத் தரேங்கறாரு. பிரீமியம் வருஷத்துக்கு 900 டாலர் குறையுமாம்.

செந்தில்: உங்க ட்வெல்லிங்கும் 460,000 பக்கம்தானே அக்கா? 5%ன்னா 23,000. இப்ப இருக்கிறதை விட 13,800 அதிகம். 900 900ஆ சேர்த்து அதைப் பிடிக்க பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். நடுவுல ஒரு பெரிய ஹெயில் வந்தா? 23,000 தனியா பேங்க்ல இருக்குன்னா யோசிங்க, இல்லேன்னா வேண்டாம். மார்ட்கேஜ் கம்பெனியையும் கேட்டுக்கோங்க, வீட்டுக் கடன்களை வாங்கிக்கற ஃபேனி மே நிறுவனத்தோட லோன்ல டிடக்டிபிளுக்கு 5%தான் உச்ச வரம்பு.





செந்தில்: ரம்யா, உங்க ரூஃப் எந்த வருஷத்தது? பாலிசியில ரூஃபுக்கு ரீப்ளேஸ்மென்ட் காஸ்ட்டா (புதுசா போடற முழு செலவு), ஆக்சுவல் கேஷ் வேல்யூவா (தேய்மானம் போக மிச்ச மதிப்பு)?

ரம்யா: 2012ல வீடு கட்டினப்ப போட்டதுதான் அண்ணா. இருங்க பாக்கறேன்... போன தடவை ரீப்ளேஸ்மென்ட். இப்ப ஆக்சுவல் கேஷ் வேல்யூன்னு ஒரு தாள் புதுசா சேர்த்திருக்காங்க.

செந்தில்: எனக்கு 2%ஐ விட இதுதான் கவலையா இருக்கு. ரூஃப் மாத்த 17,000 ஆகுதுன்னு வைங்க. பழைய பாலிசின்னா 4,200 போக 12,800 வந்திருக்கும். இப்ப 17,000ல முதல்ல தேய்மானத்தைக் கழிப்பாங்க. பாதின்னு போட்டா மிச்சம் 8,500. உங்க டிடக்டிபிள் 9,200. ஒரு டாலர் கூட வராது. பிரீமியம் மட்டும் முழுசா கட்டிக்கிட்டே இருப்பீங்க. இதெல்லாம் முதல் பக்கத்துல கொட்டை எழுத்துல போடணும். குடும்பம் நடத்துறவங்க எழுபது பக்கத்தையும் படிச்சுக்கிட்டா இருப்பாங்க?

ரம்யா: படிக்கவே வயித்தைக் கலக்குது. போன மாசம் வாசல்ல வந்த ரூஃபர், டிடக்டிபிளை நாங்க பாத்துக்கறோம்னு சொன்னாரே?

கார்த்திக்: அவரை உள்ள விடாதீங்க. 2019 செப்டம்பர் 1லேருந்து டெக்சஸ்ல அது சட்டப்படி குற்றம். நீங்க டிடக்டிபிள் கட்டினதுக்கு செக் நகலோ கார்டு ஸ்டேட்மென்ட்டோ இன்ஷூரன்ஸ் கம்பெனி கேக்கலாம், காட்டினாதான் நிறுத்தி வச்ச மீதிப் பணத்தை விடுவாங்க. எங்கிட்டயும் கேட்டாங்க.

பாஸ்கர் அங்கிள்: பிள்ளைங்களா, ஒண்ணு சொல்லிடறேன். இதெல்லாம் காத்துக்கும் ஹெயிலுக்கும்தான். தெருவுல ஏறி வீட்டுக்குள்ள வர்ற தண்ணிக்கு இந்தப் பாலிசியில ஒண்ணும் கிடையாது. 2017 ஹார்வியில எத்தனை பேர் தவிச்சாங்கன்னு நான் பாத்தேன். ஃப்ளட் பாலிசி தனியா எடுக்கணும், அரசாங்கப் பாலிசி எடுத்தா சாதாரணமா 30 நாள் கழிச்சுதான் அமலுக்கு வரும். புயல் சீசன் ஜூன் 1ல தொடங்குது. கடைசி வாரத்துல ஓடாதீங்க.

ரம்யா: நன்றி அங்கிள். ஏஜென்ட்டுக்கு இப்பவே போன் போடறேன்.

ரம்யா: பேசிட்டேன். 1% இனிமே எங்க ஏரியாவுக்குத் தர மாட்டாங்களாம். ரூஃபை மட்டும் ரீப்ளேஸ்மென்ட்டுக்கு மாத்தலாமாம், ஆனா இன்ஸ்பெக்ஷன் உண்டு, வருஷத்துக்கு 310 கூட ஆகும்.

செந்தில்: அதை எடுத்துக்கோங்க. அதே 17,000 வேலைக்கு 7,800 கைக்கு வரும். எழுத்துல வாங்கிட்டு ரினியூ பண்ணுங்க. இன்னும் ரெண்டு இடத்துல கோட் கேளுங்க, ஆனா விலையை மட்டும் ஒப்பிடாதீங்க. காத்து டிடக்டிபிள், நேம்ட் ஸ்டார்ம் டிடக்டிபிள், ரூஃப் எந்த வகை, மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

கார்த்திக்: ரூஃப் மாத்துற நேரம் வந்தா கிளாஸ் 4 ஷிங்கிள்ஸ் (அடி தாங்கற ரூஃப் ஓடு) போடுங்க. ஹெயில் தாங்கும், பிரீமியத்துல பெரும்பாலும் டிஸ்கவுன்ட்டும் உண்டு. ரூஃபர்கிட்ட சர்டிஃபிகேட் கேட்டு வாங்கணும்.

விஜி: செந்தில், எங்க டெக்லரேஷன்ஸ் பேஜை உனக்குத் தனியா அனுப்பறேன். 5% வேண்டாம்னு ஏஜென்ட்கிட்ட சொல்லிட்டேன். ரூஃப் எந்த வகைன்னு மட்டும் பாத்துச் சொல்லுப்பா.

செந்தில்: அனுப்புங்க அக்கா. பின்னாடி சேர்த்த தாள் எல்லாத்தையும் சேர்த்து அனுப்புங்க, அதுலதான் இருக்கும்.