பழைய கார் எக்ஸ்சேஞ்ச்: ரெண்டு ஷோரூம், 40,000 வித்தியாசம். எதை நம்புறது?

காட்பாடி_ரோடு:
2016 மாடல் 1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், டிஎன் 23, முதல் ஓனர், 64,000 கி.மீ. வேலூர்ல ஒரு ஷோரூம் 3,90,000 போடுறாங்க, இன்னொண்ணு 3,50,000. புது வண்டி ரெண்டு இடத்துலயும் ஆன்ரோடு 9,80,000. கூட சொல்ற இடத்துலயே விட்டுடலாமா? காட்டுறதுக்கு முன்னாடி டயர் மாத்தி, பம்பருக்குப் பெயின்ட் அடிச்சா விலை ஏறுமா?

பாலாற்றங்கரை:
பழைய வண்டிக்கு என்ன போடுறாங்கன்றதை விடுங்க சார். கடைசியா உங்க கையிலிருந்து எவ்ளோ போகுது, அதுதான் கணக்கு. 3,90,000 சொன்னவர்கிட்ட, "பழைய வண்டி கொடுத்தா கம்பெனி கூடுதலா தர்ற எக்ஸ்சேஞ்ச் போனஸ் இதுக்குள்ளயா, தனியா? கேஷ் டிஸ்கவுண்ட் உண்டா?"ன்னு கேளுங்க. எல்லாம் உள்ளேயேன்னா நீங்க கட்ட வேண்டியது 5,90,000. 3,50,000 சொன்னவர் போனஸ் 30,000, டிஸ்கவுண்ட் 25,000 தனியா கொடுத்தா 5,75,000தான். கம்மியா சொன்னவர்கிட்ட 15,000 மிச்சம்!

அதனால எக்ஸ்சேஞ்ச் பேச்சையே எடுக்காம முதல்ல புது வண்டி விலையை எழுத்துல வாங்குங்க. ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரி கிட், டெஃப்ளான் கோட்டிங்னு ஏத்தியிருந்தா எடுத்துடச் சொல்லுங்க. பழைய வண்டியில விட்டுக் கொடுத்ததை அங்கதான் திரும்பப் பிடிப்பாங்க. அப்புறம் பழைய வண்டியை வெளியிலயும் ரெண்டு இடத்துல காட்டுங்க. இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பை (ஐடிவி) விலைன்னு நினைச்சுப் பேசாதீங்க. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி கேட்ட விலையும் இப்போ உதவாது. சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம் ஆனதுல புது வண்டி விலை இறங்கிச்சு, பழசும் கூடவே இறங்கிடுச்சு.

பட்டி_பார்க்கிறவன்:
டயருக்குப் போடுற காசு திரும்ப வராது. பெயின்ட் அடிக்கவே அடிக்காதீங்க. மதிப்பீட்டாளர் பெயின்ட் தடிமன் அளக்கிற மீட்டர் வெச்சுப் பார்ப்பார். கம்பெனி பெயின்ட் ஏறக்குறைய 100, 150 மைக்ரான் காட்டும், பட்டி போட்ட கதவு பல நூறு காட்டும். பம்பர் பிளாஸ்டிக், அதுல சாதா மீட்டர் காட்டாதுதான். ஆனா புதுப் பளபளப்பைப் பார்த்தாலே "இடிச்ச வண்டியா?"ன்னு பேரம் ஆரம்பிச்சுடும். கீறல் கீறலாவே இருக்கட்டும்.

எஞ்சின் லைட் எரிஞ்சா ஸ்கேனர்ல அழிச்சுட்டுப் போறதும் வீண் வேலை. அழிச்ச உடனே வண்டியோட செல்ஃப் டெஸ்ட் இன்னும் முடியலைன்னு அவங்க ஸ்கேனர்லயே தெரியும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏசியைத்தான் முதல்ல போட்டுப் பார்ப்பாங்க. கேபின் ஃபில்டர் மாத்திடுங்க, சின்ன செலவுதான். ரெண்டாவது சாவி, சர்வீஸ் பில், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் எடுத்துட்டுப் போங்க. சாவி ஒண்ணு இல்லைன்னாலே சில ஆயிரம் கழிப்பாங்க.

சத்துவாச்சாரி_23:
விலையை விட பேப்பர் முக்கியம். ஓனர் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30-ல வாங்குறவர் பேர், தேதி காலியா விட்டுக் கையெழுத்துப் போடாதீங்க. ஆர்சி உங்க பேர்ல இருக்கிறவரை விபத்து நஷ்டஈடு உங்க தலையிலதான். 2018-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2023 ஏப்ரல்லருந்து, ஆர்டிஓ அங்கீகாரம் வாங்கின டீலர்னா வண்டியை ஒப்படைச்சதுக்கான ஃபார்ம் 29சி ஆன்லைன்ல போட்டு, வண்டிக்கு அவரே பொறுப்பாகலாம். அந்த அங்கீகாரத்துக்கான 29பி சான்றிதழ் இருக்கான்னு கேளுங்க. லோன் இருந்தா பேங்க்ல ஆட்சேபனை இல்லைன்னு தர்ற என்ஓசியும், ஆர்சியில லோனை நீக்குற ஃபார்ம் 35-ம் வேணும்.

கிளைம் பண்ணாததுக்கு இன்சூரன்ஸ்ல கிடைக்கிற தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், உங்களோடது, வண்டியோடது இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனியில கடிதம் வாங்கினா மூணு வருஷத்துக்குள்ள புது வண்டிக்கு மாத்திக்கலாம். அஞ்சு வருஷம் கிளைம் இல்லைன்னா சொந்த சேதப் பிரீமியத்துல 50 சதவீதம் குறையும். ஃபாஸ்டேகையும் க்ளோஸ் பண்ணிடுங்க, இல்லைன்னா யாரோ பள்ளிகொண்டா டோல்கேட் தாண்ட உங்க காசு போகும்.

காட்பாடி_ரோடு:
நன்றி. சித்தூர் பார்ட்டி ஒருத்தர் 4,00,000 தர்றேன்றார். அவருக்கே கொடுத்துடலாமா?

சத்துவாச்சாரி_23:
ஆந்திராவுக்குன்னா வேலூர் ஆர்டிஓவுல ஃபார்ம் 28 என்ஓசி எடுக்கணும், பாக்கி சலான் எல்லாம் கட்டியிருக்கணும். என்ஓசி கைக்கு வந்தாலும் அங்க பேர் மாறுற வரைக்கும் ஓனர் நீங்கதான். கொஞ்சம் பணத்தைப் பிடிச்சு வெச்சு, ஆர்சி மாறினதை அரசு பரிவாஹன் வெப்சைட்ல பார்த்துட்டு மீதியை வாங்கிக்கிட்டுக் கொடுக்கலாம். அதுக்கு ஒத்துக்கலைன்னா ஷோரூமுக்கே விடுங்க. வெளியில வித்தா எக்ஸ்சேஞ்ச் போனஸ் கிடைக்குமான்னும் முதல்ல கேட்டுக்குங்க, அந்த 30,000 போச்சுன்னா சித்தூர் விலையில லாபம் குறைஞ்சுடும்.