செட்பேக்: 'அடுக்கொடுக்கம்' சரிவருமா?

அன்பர்களுக்கு வணக்கம். உயரமான கட்டடம் மேலே போகப் போகத் தெருவை விட்டுப் படிபடியாக உள்ளே தள்ளி எழுவதை ஆங்கிலத்தில் செட்பேக் (setback) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும்போது ஓர் அன்பர் இப்படி எழுதியிருந்தார்:

> ஐயா, செட்பேக் என்பதற்குப் 'பின்னடைவு' போதுமே. இல்லையென்றால் 'அடுக்கொடுக்கம்' என்று வைக்கலாம்.

பின்னடைவு வேண்டாம் ஐயா. தேர்தலில் பின்னடைவு, உடல்நிலையில் பின்னடைவு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, 'எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பின்னடைவுகள்' என்றால் ஏதோ குறையைச் சொல்வதாகவே படும்.

அடுக்கொடுக்கம் ஓசைக்கு நன்றாக இருக்கிறது. பொருள்தான் இடிக்கிறது. செட்பேக் எப்படி வந்தது என்று பார்த்தால் அது புரியும். 1915இல் நியூயார்க்கில், பிராட்வே 120ஆம் எண்ணில், ஈக்விட்டபிள் கட்டடம் எழுந்தது. மனை ஓர் ஏக்கர்கூட இல்லை. தளப்பரப்போ ஏறத்தாழ 12 லட்சம் சதுர அடி. நடைபாதை ஓரத்திலிருந்து கொஞ்சமும் உள்வாங்காமல் செங்குத்தாக ஏறி, சுற்றுவட்டாரத்தையே நிழலில் தள்ளியது. அந்த எரிச்சலும் சேர்ந்துதான், எந்த வட்டாரத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம் என்று வகுத்த 1916 மண்டலச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். தெரு அகலத்தைப் போல இரு மடங்கு உயரம் அனுமதித்த 'இரு மடங்கு' வட்டாரத்தில் தெரு 60 அடி அகலம் என்றால், தெருவோரச் சுவர் 120 அடி வரை போகலாம். அதற்கு மேல் கட்டடம் ஓர் அடி உள்ளே தள்ளினால் 4 அடி ஏறலாம். 10 அடி தள்ளினால் 40 அடி. மனையில் கால் பங்கு இடத்தில் எழும் கோபுரத்துக்கு மட்டும் உயர வரம்பே கிடையாது. 1922இல் கட்டட ஓவியர் ஹியூ ஃபெரிஸ் இந்தக் கணக்கைக் கரிக்கோலால் வரைந்து காட்டினார்: முதலில் சட்டம் விட்டுவைக்கும் மலை போன்ற திரள், பிறகு வெளிச்சத்துக்காக அதை வெட்டி வெட்டிக் கட்டடமாக்குவது.

ஒடுக்கம் என்றால் பனைமரம் போல ஒரே சீராகச் சிறுத்துப்போவது. இங்கே சுவர் நிமிர்ந்தே நிற்கிறது; ஓரிடத்தில் சட்டென்று தெருவை விட்டு ஒதுங்குகிறது, மறுபடி நிமிர்கிறது. ஒதுங்குவதுதான் இதன் உயிர். 'அடுக்கு' என்றாலோ அடுக்குமாடிதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை படியொதுக்கம். வினையாகவும் வளைகிறது: 'எம்பயர் ஸ்டேட் 5ஆம் தளத்துக்கு மேல் படியொதுங்குகிறது.' படியொதுக்கக் கோபுரம், படியொதுக்க விதி என்றும் ஒட்டிக்கொள்கிறது.

நம் ஊரில் வீட்டைச் சுற்றித் தரையில் விடுகிற செட்பேக்குக்கு இதைப் போட வேண்டாம். அங்கே படியே இல்லை. 'மனை இடைவெளி' போதும். இரண்டையும் பிரித்தே அகராதியில் ஏற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.