ஜூரிகள் வீட்டுக்கு எப்படிப் பேசுவார்கள்? அறிந்தவர்கள் உதவுங்கள்

அனைவருக்கும் வணக்கம். நான் சட்டக் கல்லூரி மாணவி. 1995-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்சன் மீதான கொலை வழக்கைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். தீர்ப்பைவிட, அதைச் சொன்ன ஜூரிகள்தான் (வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்) என் மனத்தை விட்டு அகலவில்லை. வெளிச் செய்திகள் அவர்கள் முடிவைப் பாதிக்கக் கூடாது என்று 265 நாட்கள் அவர்களை ஓட்டலில் அடைத்து வைத்திருந்தார்கள். செய்தித்தாளில் வழக்குச் செய்தியை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். தொலைபேசிப் பேச்சுக்கும் கண்காணிப்பு இருந்தது. அவர்களுக்குக் காவலிருந்தவர்களில் மூவரை நீதிபதி இடோ மாற்றியபோது, ஏப்ரல் மாதத்தில் ஜூரிகள் பலர் கறுப்பு உடையில் வந்து எதிர்ப்புக் காட்டினார்கள். குற்றம் எதுவும் செய்யாதவர்கள் அவர்கள்!

கைப்பேசிக் காலத்தில் இது எப்படி நடக்கிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். 2013-இல் புளோரிடாவில் ஜிம்மர்மேன் என்பவர் மீதான கொலை வழக்கின் ஆறு ஜூரிகளையும் இப்படித்தான் தனிமைப்படுத்தினார்கள்.

அமெரிக்காவில் தனிமைப்படுத்தப்பட்ட ஜூரியாக இருந்தவர்களோ, நீதிமன்றத்தில் பணியாற்றியவர்களோ இங்கே இருக்கிறீர்களா? வீட்டில் ஒருவருக்கு உடல்நிலை மோசமானால் செய்தி எப்படி வந்து சேரும்? பிள்ளைகளிடம் பேசும்போது காவலர் அருகிலேயே இருப்பாரா? அம்மாவிடம் தமிழில் பேசினால், அதைக் கேட்கும் காவலர் என்ன செய்வார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த நூலிலும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

வழக்கின் விவரமோ பெயர்களோ வேண்டாம், நடைமுறையை மட்டும் சொன்னால் போதும். மாத இறுதிக்குள் கட்டுரையை ஒப்படைக்க வேண்டும்.