மாப்பிள்ளை சம்பா × ஐ.ஆர். 64: உயரம் 3:1 ஆகப் பிரியுது, மகசூல் ஏன் பிரியல?

பாகூர்_கழனி
நெட்டையான சிவப்பரிசி மாப்பிள்ளை சம்பாவையும் குட்டையான வெள்ளையரிசி ஐ.ஆர். 64-ஐயும் கலந்தேன். கலப்பில் வந்த முதல் தலைமுறை எஃப்1, அதன் விதையில் வந்தது எஃப்2. எஃப்2 தலைமுறையில் 200 குத்து, குத்துக்கு ஒரே நாற்று, 20×20 செ.மீ. இடைவெளி. 146 நெட்டை, 54 குட்டை. ஆனால் குத்துவாரியாக நெல்லை எடை போட்டால் 8 கிராமிலிருந்து 47 கிராம் வரை எல்லா அளவும் வருது, நடுவில் இடைவெளியே இல்லை. 40 கிராமுக்கு மேல் தந்ததை மட்டும் விதைக்கு எடுக்கலாமா? இன்னொரு சந்தேகம்: போன பருவத்தில் எஃப்1 செடியின் நெல்லை உமி நீக்கிப் பார்த்தப்ப எல்லாமே சிவப்பு. கால்பங்கு வெள்ளை வந்திருக்க வேண்டாமா?

விருத்தாசலம்_விதை
முதல்ல நிறம். சிவப்பு இருப்பது அரிசியின் மேல்தோலில். அந்தத் தோல் தாய்ச்செடியின் திசு, கருவுடையது அல்ல. அதனால் எஃப்1 செடியில் விளைந்த அத்தனையும் சிவப்பாகத்தான் இருக்கும். இப்ப அறுத்த எஃப்2 குத்துகளில் ஆளுக்குப் பத்து நெல் உமி நீக்குங்க. ஒரு குத்துக்குள் ஒரே நிறம், ஏறக்குறைய கால்பங்கு குத்துகள் வெள்ளை.

உயரம்: 150:50 எதிர்பார்ப்புக்கு உங்க கைவர்க்கம் (எண்ணிக்கை எதிர்பார்ப்பிலிருந்து எவ்வளவு விலகுதுன்னு காட்டும் அளவு) 0.43. எல்லை 3.84, தாராளமா பொருந்துது. ஐ.ஆர். 64-இல் உள்ள எஸ்.டி.1 குட்டை மரபணு ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதியும் குட்டையாக இருந்தால்தான் வெளியே தெரியும். ஆகவே 54 குட்டையும் இனி குட்டையாகவே நிற்கும். நெட்டையில் மூன்றில் ஒன்றுதான் தூய்மை, அதாவது குட்டை மரபணு ஒளிந்திராதது. எதுன்னு அறிய, ஒவ்வொரு நெட்டையின் விதையிலும் 17 செடி வளர்த்துப் பாருங்க. ஒரு குட்டைகூட வராவிட்டால் தூய்மை. தவறும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே.

காட்டுமன்னார்_ஏர்
மகசூலுக்கு வருவோம். தூர் எண்ணிக்கை, கதிருக்கு மணி, ஆயிரம் மணி எடை, பதர் விகிதம் என ஒவ்வொன்றுக்கும் பல மரபணு, ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. அதன்மேல் மண், தண்ணீர், வெயில் சேரும்போது படிகள் கரைந்து ஒரே சரிவாகிவிடும். ஒரு மரபணு என்றால் நாலில் ஒரு செடி வேண்டிய தூய வடிவம். ஐந்து என்றால் 1,024-இல் ஒன்று. பத்து என்றால் 10,48,576-இல் ஒன்று. உங்க 200 குத்தில் அதைத் தேடுவது வீண்.

47 கிராம் குத்து எங்கே நின்றது? வரப்போரமா, பக்கத்து நாற்று செத்த இடமா? அப்படியானால் அது வெளிச்சமும் உரமும் தந்த எடை, விதைக்கு இறங்காது. கணக்கு: சராசரி 25 கிராம், நீங்கள் எடுத்தவற்றின் சராசரி 42, மரபுத்திறன் (வேறுபாட்டில் விதை வழியே இறங்கும் பங்கு) 0.2 என்று வையுங்க. கூடுதல் 17-இல் அடுத்த தலைமுறைக்குப் போவது 3.4 கிராம்தான். "நல்ல குத்தாத்தானே எடுத்தோம், ஏன் இறங்கிடுச்சு?" என்ற புலம்பலுக்கு இதுதான் விடை.

எஃப்2-இல் உயரம், நிறம் பார்த்து மட்டும் கழியுங்க. எடை பார்த்தே ஆகணும்னா ஓர வரிசைகளை விட்டுவிட்டு, மீதியை 20 குத்துக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு 2 எடுங்க. நெட்டைக்கு நடுவே மாட்டிய குட்டையை மற்ற குட்டைகளோடு மட்டும் ஒப்பிடணும். மகசூல் தீர்ப்பு எஃப்4-க்குப் பிறகு: வரிசை வரிசையா, மூன்று இடத்தில் நட்டு, நடுநடுவே ஐ.ஆர். 64 வைத்து.

பாகூர்_கழனி
சி.ஆர். 1009 சப்1-இல் வெள்ளம் தாங்கும் குணத்தை ஏற்றிய மாதிரி, கடலோர வயலுக்கு உப்பு தாங்குவதையும் ஏற்ற முடியாதா?

காட்டுமன்னார்_ஏர்
வெள்ளம் தாங்க வைக்கும் சப்1 மரபணுப் பகுதி அதிர்ஷ்டக் கேஸ். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல்லில், 9-ஆம் குரோமோசோமில் ஒரே இடம் பெரும்பங்கு வேலையைச் செய்யுது. மார்க்கர் (மரபணு இருக்கான்னு காட்டும் டி.என்.ஏ. அடையாளம்) வைத்துப் பிடித்து, மூன்று பிற்கலப்பு (பழைய ரகத்தோடேயே மறுபடி கலப்பது) செய்தால் பழைய ரகம் சராசரியா 93.75 சதவீதம் திரும்பிடும். அதுவும் முழுகினால் இரண்டு வாரம் போல்தான் தாங்கும். கலங்கல் தண்ணீர் என்றால் இன்னும் குறைவு.

உப்புக்கு கேரளத்துப் பொக்காளி நெல்லின் சால்டால் என்ற மரபணுப் பகுதி இருக்கு, 1-ஆம் குரோமோசோமில். அது உதவுவது முக்கியமா நாற்றுப் பருவத்தில். பூக்கும் பருவத்தில் தாங்குவது வேறு மரபணுக்களின் கையில். அதனால் மார்க்கர் சரின்னு வந்தாலும் விடாமல், நாற்றிலும் கதிர் வரும்போதும் தனித்தனியா உப்பு வயலிலேயே நட்டுப் பாருங்க. நாற்று பச்சையா நின்னு, கதிர் பதராப் போன ரகம் நிறைய.