பொருள்: கான்ஷியன்ஷியஸ்னஸ் - வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

க.: ஐம்பெரும் ஆளுமைக் கூறுகளை அளக்கும் 44 கூற்று வினாநிரல் தமிழாகிறது. புறமுகம், இணக்கம், திறந்த மனம் தேறிவிட்டன. இது இடறுகிறது. வரைவில் உள்ள ‘மனச்சான்றுடைமை’ கான்ஷியன்ஸைப் பார்த்து விழுந்த சொல். இங்கே பாவ புண்ணியப் பேச்சே இல்லை. எடுத்ததை முடிப்பது, யோசித்துச் செய்வது, வைத்த பொருள் வைத்த இடத்தில் இருப்பது, அவ்வளவே.

செ.: குறள் 661 இருக்க ஏன் அலைகிறீர்கள்? வினைத்திட்பம்.

மு.: பாதிதான் பொருந்தும். உளவியலாளர்கள் காஸ்ட்டாவும் மெக்ரேயும் தங்கள் 1992 ஆளுமை அளவையில் இதற்கு ஆறு உட்கூறுகள் வைத்தார்கள்: திறமை, ஒழுங்கு, கடமை, சாதனை நாட்டம், தன்கட்டுப்பாடு, முன்யோசனை. மேசை குப்பையாகக் கிடக்க, வேலையைக் கச்சிதமாக முடிப்பவருக்குத் திட்பம் உண்டு, ஒழுங்கு இல்லை. குறளே வேண்டுமென்றால் தெரிந்துசெயல்வகை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்ற அதிகாரங்களும் கூட வேண்டும்.

ந.: ‘கருமமே கண்ணாயினார்’ என்றார் குமரகுருபரர். ‘கருமக்கண்’ எனலாம். வடசொல் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கரு என்னும் அடியில் பிறந்தவையே கருவியும் கருமமும் என்பாரும் உண்டு.

மு.: கருவியோடு நில்லுங்கள் ஐயா. ‘உங்களுக்குக் கருமக்கண் அதிகம்’ என்று சொல்லிப் பாருங்கள், ‘கருமம்!’ என்று தலையில் அடித்துக்கொள்வார்கள்.

செ.: சரி, பொறுப்புடைமை?

க.: ‘உடைமை’ என்றால் உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரியும். இதுவோ உயரம் போல. எல்லாரிடமும் கூடவோ குறையவோ இருக்கும். ‘குறைந்த பொறுப்புடைமை’ நாவில் நிற்காது. பொறுப்புணர்வு ஆகலாம்.

மு.: எச்சொல்லானாலும் படிவத்தில் தலைப்பாக அச்சிடாதீர்கள். ‘பொறுப்புணர்வு’ என்று கண்டால், 1 முதல் 5 வரையான விடைகளில் எல்லாரும் 5 போடுவார்கள். இதற்குரிய 9 கூற்றுகளில் 4 எதிர்த்திசை, உடன்பட்டால் பண்பு குறைவு என்று பொருள். அவற்றின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழிக்க வேண்டும். அவற்றை ‘கவனமாக இருப்பவர் அல்லர்’ என்று எழுதினால், ‘உடன்பாடில்லை’ என்ற விடையோடு சேர்ந்து இரட்டை எதிர்மறையாகி ஆள் குழம்புவார். ‘கவனக்குறைவானவர்’ என்றே எழுதுங்கள்.

க.: பொறுப்புணர்வு அச்சுக்குப் போகிறது.

செ.: போகட்டும். அது கடமை என்ற ஒரே உட்கூறுக்குத்தான் பொருந்தும் என்ற என் மறுப்பையும் குறித்துக்கொள்ளுங்கள். வினைத்திட்பமே சரி.

ந.: கருமக்கண்ணை யாரும் மறுக்கவில்லை, சிரித்தீர்கள்.

க.: அடுத்தது நியூராட்டிசிசம், எளிதில் கலங்கும், கவலைப்படும் இயல்பு. ‘நரம்புத்தளர்ச்சி’ என்று யாரும் தொடங்கவேண்டாம்.